நினைவு தளருமுன் ஒரு குருதிச் சோதனை

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையை அடைந்ததும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. எல்லைக்கோடு சாலையில் இருக்கிறதே ஒழிய, மக்களின் பேச்சில் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டமும் அவற்றோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரியது. ஆயினும் அது கேரளத்திலேயே நின்றது. அதனால்தான் வீட்டில் தமிழ் பேசி, கடையில் மலையாளம் பேசி, சந்தையில் இரண்டையும் கலந்து பேசி வாழும் முதியோர் பாறசாலை, ஊரம்பு, பனச்சமூடு போன்ற பகுதிகளில் இன்றும் உளர். அவர்களுள் பலர் பிறந்தபோது அந்நிலத்தின் பெயர் கேரளம் அன்று. திருவிதாங்கூர், அல்லது திருவிதாங்கூர்-கொச்சி.

மருத்துவக் கட்டுரையொன்றில் இந்த வரலாற்றுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. முதுமையில் நினைவு தளர்கிறதா என்பதை அறிய நம்மிடம் இதுநாள்வரை இருந்த முதற்கருவி, கேள்வி கேட்பதுதான். கேள்விக்கு மொழி வேண்டும்.

மறதிநோயை ஆராயும் மருத்துவர் முதியவரை எதிரே அமர்த்தி, இன்று என்ன கிழமை, என்ன மாதம், நாம் இருக்கும் மாநிலம் எது என்று கேட்பார். மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுநேரம் கழித்துத் திரும்பக் கேட்பார். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல முடிகிறது என்று எண்ணுவார். எளிய கேள்விகள்தாம். ஆனால் எல்லைப்புறத்தில் இந்த எளிமை அவ்வளவு எளிமையன்று. கொல்லம் ஆண்டில் புழங்கிய முதியவர் 'கன்னி மாதம்' என்பார். தமிழ் நாட்காட்டி பார்ப்பவர் அதையே 'புரட்டாசி' என்பார். பள்ளியில் பயின்றவர் 'செப்டம்பர்' என்பார். மூவரும் சரி. விலங்குகளின் பெயரைக் கேட்டால் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் வரும். கேட்பவர் ஒரு மொழி மட்டும் அறிந்த இளைஞராயின், மதிப்பெண் குறையும். குறைந்தது நினைவா, மொழியா என்று அந்தத் தாள் சொல்லாது.

இக்குறையை நம் நாட்டு அறிஞர்கள் உணராமல் இல்லை. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் டாக்டர் பி. எஸ். மதுரநாத் தலைமையில், ஆங்கிலத்தில் உருவான ஆடன்புரூக் அறிதிறன் சோதனை மலையாளத்துக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. வெறும் மொழிபெயர்ப்பாக அன்றி, கேரளத்து முதியோரின் கல்விக்கும் வழக்கத்துக்கும் பொருந்துமாறு அது செய்யப்பட்டது. அவரும் உடன்பணியாற்றியவர்களும் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த 55 வயதுக்கு மேற்பட்டோரை 2001 முதல் 2011 வரை பின்தொடர்ந்து பார்த்ததில், 65 வயதைக் கடந்தவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 15 பேர் புதிதாக அல்சைமர் நோய்க்கு ஆளாவது தெரியவந்தது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிதிறன் சோதனைத் தொகுப்பு ஒன்றை இந்திய மொழிகளில் உருவாக்கியது. முதலில் அமைந்த ஐந்து மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அந்த ஐந்தில் இல்லை. வேலூரிலும் சென்னையிலும் 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழு தமிழிலேயே முதியோரை ஆராய்ந்தது உண்மை. வளரும் நாடுகளில் வாழும் மறதிநோயாளிகள் நூற்றுக்கு 66 பேர். அவர்களைப் பற்றிய ஆய்வோ நூற்றுக்குப் பத்தும் இல்லை. அக்குழுவின் பெயருக்கு அதுவே காரணம். ஆனால் பாறசாலையில் வாழும் தமிழ் முதியவருக்கு வேலூரும் சென்னையும் தொலைவு. ஒரு மணி நேரத்தில் அவர் அடையக்கூடிய மருத்துவமனை மலையாளம் பேசுகிறது.

இந்த இடத்தில்தான் குருதிச் சோதனை நமக்குப் பொருள்படுகிறது. குருதியில் மிதக்கும் புரதத்துக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது.

1906 நவம்பரில் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், தாம் கண்ட ஒரு நோயாளியின் மூளையில் இரண்டு விதமான சிதைவுகள் இருந்ததை டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்களிடம் எடுத்துரைத்தார். நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்னும் புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. அணுக்களுக்கு உள்ளே நார்கள் சிக்குண்டு கிடந்தன. அந்தச் சிக்கலின் மூலப்பொருள் டௌ என்னும் புரதம் என்பது பின்னாளில் தெரிந்தது. நலமுள்ள நரம்பணுவில் டௌ, அணுவின் உள்ளே சரக்குகள் பயணிக்கும் நுண்குழாய்களைத் தாங்கி நிற்கும் கட்டுமானப் பொருள். அமிலாய்டு படியத் தொடங்கியதும், டௌ மூலக்கூறின் குறிப்பிட்ட சில இடங்களில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்கிறது. அவ்விடங்களுள் ஒன்று 217 ஆம் எண்ணுடையது. அவ்வாறு மாறிய டௌ, சிறிதளவு குருதியிலும் கசிகிறது. அதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராமுக்குள் அடங்கும். பிகோகிராம் என்பது ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவைத் துல்லியமாக அளக்கும் கருவிகள் அண்மைக்காலத்தில்தான் கைகூடின. சொல்லப்போனால், நோய் புதியதன்று, தராசுதான் புதியது.

அமிலாய்டு படிவது, மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முன்பு இதை உயிருள்ளவரிடம் காண இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீர் எடுப்பது. மற்றொன்று, பெரிய நகரங்களில் மட்டும் கிடைக்கும் செலவு மிக்க பெட் ஸ்கேன். முதுகில் ஊசி என்றாலே நம் ஊர் முதியோர் எழுந்து போய்விடுவர். கையிலிருந்து குருதி எடுப்பது அவர்களுக்குப் பழகிய செயல். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எத்தனையோ முறை கொடுத்தாயிற்று.

2024 ஆம் ஆண்டு சுவீடனில் 1,213 பேரிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவு இங்கே நினைக்கத்தக்கது. நினைவுக் குறைவோடு வந்தவர்களுக்கு அல்சைமர் நோய் உண்டா இல்லையா என்பதை முதல்நிலை மருத்துவர்கள் நூற்றுக்கு 61 முறை சரியாகக் கணித்தனர். மறதிநோய் வல்லுநர்கள் 73 முறை. டௌ 217, அமிலாய்டு இரண்டையும் சேர்த்து அளந்த குருதிச் சோதனை ஏறத்தாழ 91 முறை சரியாகச் சொன்னது. அடுத்த ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஃபுஜிரேபியோ நிறுவனத்தின் லூமிபல்ஸ் குருதிச் சோதனைக்கு இசைவளித்தது. அல்சைமர் நோயைக் கண்டறிய அந்நாடு இசைவளித்த முதல் குருதிச் சோதனை அதுவே. 499 பேரின் மாதிரிகளை ஆராய்ந்ததில், 'உண்டு' என்று சோதனை சொன்னவர்களுள் 91.7 விழுக்காட்டினருக்கும், 'இல்லை' என்று சொன்னவர்களுள் 97.3 விழுக்காட்டினருக்கும் அம்முடிவு ஸ்கேன் அல்லது தண்டுவட நீர்ச் சோதனையோடு ஒத்துப்போனது. இருபது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இரண்டிலும் சேராத விடையே கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், முதல்நிலை மருத்துவர்களே பயன்படுத்தக்கூடிய ஒரு சோதனைக்கும் இசைவு கிடைத்தது. அது நோய் இல்லை என்று தள்ளிவைப்பதற்கு உதவுவது.

ஒரு சிறு கணக்கு

எண்களைக் கண்டதும் மயங்கிவிடாமல் இருப்பது வங்கிப் பணி நமக்குக் கற்றுத்தந்த பழக்கம். மேற்சொன்ன இசைவுகளெல்லாம் 55 வயதைக் கடந்து, ஏற்கெனவே நினைவுக் குறைவு தென்படுபவர்களுக்கே உரியவை. யாரும் கடைக்குச் சென்று சர்க்கரை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்வதற்கல்ல. ஏன் என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். நோயுள்ளவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடிக்கும், நோயற்றவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விடுவிக்கும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நினைவு மருத்துவமனைக்கு வந்த நூறு பேரில் அறுபது பேருக்கு நோய் உண்டு என்றால், 54 பேரைச் சோதனை சரியாகப் பிடிக்கும். நோயற்ற நாற்பதில் நான்கு பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக, 'உண்டு' என்ற 58 சீட்டுகளில் 54 உண்மை. இதே சோதனையை எவ்விதக் குறையும் சொல்லாத ஆயிரம் முதியோருக்குச் செய்வோம். அவர்களுள் நூறு பேருக்கு நோய் இருந்தால், 90 பேர் சரியாகப் பிடிபடுவர். நோயற்ற 900 பேரிலும் 90 பேர் தவறாகப் பிடிபடுவர். 'உண்டு' என்ற சீட்டுகளில் பாதி பொய். சோதனை மாறவில்லை, சோதிக்கப்படும் கூட்டம் மாறிவிட்டது. கோவிலிலும் தேவாலயத்திலும் முகாம் போட்டு எல்லோருக்கும் இச்சோதனையைச் செய்வோம் என்று எவரேனும் கிளம்பினால், நம் வாடிக்கையாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று.

2025 இல் அமெரிக்க அல்சைமர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியும் இதே போக்குடையது. நோயுள்ளவரைப் பிடிப்பதிலும் நோயற்றவரை விடுவிப்பதிலும் தொண்ணூறு விழுக்காட்டைத் தொடும் சோதனைகளையே ஸ்கேனுக்கு மாற்றாகக் கொள்ளலாம் என்றும், அதுவும் சிறப்பு மருத்துவரின் முழு ஆய்வுக்குத் துணையாக மட்டுமே என்றும் அது வரையறுத்தது.

வேறு சில தடைகளும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் குருதியில் டௌ 217 இன் அளவு மூளைநோய் இன்றியே கூடித் தெரியலாம். உடல் பருத்தவர்களிடம் குறைந்து தெரியலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் பகுதியில் இது சிறு செய்தியன்று. எந்த அளவுக்கு மேல் போனால் நோய் என்னும் வரம்புகள் பெரும்பாலும் மேலைநாட்டாரின் குருதியை வைத்து வகுக்கப்பட்டவை. நம் மக்களுக்குரிய வரம்புகள் நம் மக்களின் குருதியிலிருந்தே வரவேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் பத்தாயிரம் கிராம மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரத் திட்டமிட்டு, குருதி மாதிரிகளையும் சேகரித்து வருகிறது. அதுவும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை நிலமே என்பது நமக்கு ஓர் ஒற்றுமையாகப் படுகிறது.

எல்லை நிலத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு செய்தியையும் விட்டுவிட இயலாது. ஐதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு மொழிகளில் புழங்கியவர்களுக்கு நோய் வெளிப்பட்ட வயது, ஒரே மொழி பேசியவர்களைவிட ஏறத்தாழ நாலரை ஆண்டு பிந்தியிருந்தது. எழுத்தறியாதவரிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. ஆகவே இது படிப்பின் பயன் மட்டுமன்று. இரண்டு நாவுகளோடு வாழ்ந்ததன் பயன் என்று ஆய்வாளர் கருதினர். பாறசாலைச் சந்தையில் மீனுக்கு ஒரு மொழியிலும் மரச்சீனிக்கு இன்னொரு மொழியிலும் விலை பேசும் அம்மாச்சி, தாம் அறியாமலேயே ஒரு வைப்புநிதி சேர்த்து வந்திருக்கிறார் எனலாம். இதில் மறைபொருள் ஒன்றுண்டு. நோய் வெளிப்படுவது பிந்துகிறது என்றால் நோய் இல்லை என்பதல்ல பொருள். உள்ளே சிதைவு நடக்க, மூளை தன் பழக்கத்தின் வலிமையால் சமாளித்துக்கொள்கிறது. அத்தகையவரின் பேச்சிலும் விடைகளிலும் குறை தெரியாத காலத்திலேயே குருதி அதைக் காட்டிவிடக்கூடும். கேள்வித்தாள் அவர்களுக்கு இரு வகையில் பொருந்தாமல் போகிறது: மொழி தெரியாத இடத்தில் நோயற்றவரை நோயாளி ஆக்குகிறது, சமாளிக்கும் திறன் மிகுந்த இடத்தில் நோயாளியை நலமுள்ளவராகக் காட்டுகிறது.

முன்னரே அறிவதால் என்ன?

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. லெக்கனெமாப், டோனனெமாப் என்னும் இரண்டு மருந்துகள் 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் முழு இசைவு பெற்றன. அவை அமிலாய்டை அகற்றித் தளர்ச்சியின் வேகத்தைச் சிறிது குறைக்கின்றன. மூளையில் வீக்கமும் கசிவும் நேராமல் கவனிக்க அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கிறது. எல்லைப்புறத்துச் சராசரிக் குடும்பத்தின் கைக்கு எட்டாத சிகிச்சை அது. 'மருந்தில்லாத நோயைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய?' என்று கேட்பவரை நாம் பழிக்க மாட்டோம்.

ஆயினும் விடைகள் உண்டு. முதலாவது, மறதியெல்லாம் அல்சைமர் அன்று. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டுச் சுரப்பின் தளர்ச்சி, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பின்விளைவு ஆகியவையும் முதியவரைக் குழப்புகின்றன; இவற்றைச் சரிசெய்ய இயலும். சாதாரணக் குருதிச் சோதனையிலேயே முதலிரண்டும் தெரிந்துவிடும். டௌ 217 ஐப் பற்றி எண்ணுமுன் இவற்றைப் பார்ப்பது அறிவுடைமை. இரண்டாவது, 2024 இல் லான்செட் ஆணையம் கணித்தபடி, உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காடு, மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களோடு தொடர்புடையது. காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, தனிமை, கண்பார்வைக் குறைவு போன்றவை அப்பட்டியலில் உள்ளன. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் பெற்றோருக்கு அப்பட்டியலில் எத்தனை பொருந்துகின்றன என்று குடும்பத்தாரே எண்ணிப் பார்க்கலாம். மூன்றாவது விடை நம் தொழிலைச் சேர்ந்தது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

பணத்தைக் கையாளும் திறன், மறதிநோய் முதலில் தொடும் திறன்களுள் ஒன்று. அமெரிக்காவில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்து வாழும் முதியோரின் கடன் பதிவுகளையும் மருத்துவப் பதிவுகளையும் இணைத்து ஆராய்ந்து 2020 இல் வெளியான ஆய்வு, பின்னர் மறதிநோயாளி என்று கண்டறியப்பட்டவர்கள், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தவணைகளைத் தவறவிடத் தொடங்கியிருந்ததைக் காட்டியது. நியூயார்க் மத்திய வங்கியின் ஆய்வறிக்கை ஒன்றும் 2024 இல் இதையே உறுதிசெய்தது. மருத்துவர் அறியுமுன் கணக்கேடு அறிந்திருக்கிறது.

கிளைகளில் பணியாற்றும் நாம் இதை நாள்தோறும் காண்கிறோம். காலையில் பாஸ்புக் பதிந்து சென்றவர் மதியம் மீண்டும் வந்து பதியக் கேட்பார். முப்பதாண்டு மாறாத கையொப்பம் மெல்ல மெல்லச் சிதறும். ரகசிய எண்ணை அட்டையின் பின்னாலேயே எழுதி வைத்திருப்பார். நேற்று வாங்கிய வட்டியை இன்றும் கேட்டுக் கோபிப்பார், பின்பு நாணுவார். 'டிஜிட்டல் கைது' என்று தொலைபேசியில் மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்ப, யாரிடமும் சொல்லாமல் விரைந்து வருவார். (அத்தகைய மோசடி நடந்துவிட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.) இவற்றில் ஒன்றிரண்டைக் கொண்டு நோய் என்று முடிவு கட்டுவது வங்கி அலுவலரின் வேலையன்று, நாம் மருத்துவர் அல்லர். ஆனால் இவை சேர்ந்து வரும்போது மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம்.

முன்னரே அறிவதன் பெரும்பயன், முதியவரின் சொந்தக் கை இன்னும் செல்லுபடியாகும் காலத்தில் ஏற்பாடுகளைச் செய்ய முடிவது. இங்கே நம் மக்களிடம் பரவலாக உள்ள இரண்டு நம்பிக்கைகளைத் திருத்தியாக வேண்டும். 'மகனுக்கு முக்தியார் எழுதிக் கொடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை' என்பது ஒன்று. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201 ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் மனநிலை தெளிவிழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக அந்தப் பத்திரம் எழுதப்பட்டதோ அந்த நாளிலேயே அது உயிரிழந்துவிடும். வங்கியில் கொடுக்கும் எளிய அதிகாரக் கடிதத்துக்கும் அதே கதிதான். மற்றொன்று, 'நாமினி போட்டிருக்கிறேன்' என்பது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம், நல்ல மாற்றமே. ஆயினும் நாமினியின் உரிமை, கணக்குக்குரியவர் மறைந்தபின் தொடங்குவது. நினைவு மறைந்து உயிர் இருக்கும் ஆண்டுகளில் நாமினியால் ஒரு ரூபாயும் எடுக்க இயலாது.

அந்த ஆண்டுகளுக்குச் சட்டம் நேரான வழி எதையும் வகுத்துவைக்கவில்லை. 1987 ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்தை மேற்பார்க்க ஒருவரை நியமிக்கும் பகுதி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017 ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சையைப் பற்றி விரிவாகப் பேசி, சொத்தைப் பற்றிய அப்பகுதியைக் கைவிட்டது. கோமாவில் கிடப்பவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் நெறிமுறைகள் வகுத்தது, அப்படியொரு சட்டம் இல்லாததனால்தான். மருத்துவச் செலவுக்குத் தந்தையின் சேமிப்பையே எடுக்க, பிள்ளைகள் உயர் நீதிமன்றம் வரை செல்ல நேரும் நிலைமை இது.

ஆகையால் தெளிவுள்ள காலத்திலேயே துணைவரோடு அல்லது நம்பிக்கைக்குரிய பிள்ளையோடு, இருவரில் எவரும் எடுக்கலாம் என்னும் நிபந்தனையுடன் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்வது பலருக்கும் உதவும். வைப்புகளின் வட்டி மாதந்தோறும் கணக்கில் சேரவும், மின்கட்டணமும் காப்பீட்டுத் தவணையும் தாமே கழியவும் நிலை உத்தரவு கொடுத்துவைக்கலாம். உயிலை எழுதிப் பதிவு செய்யலாம். நோய் தொடங்கிவிட்டது என்று தெரிந்தபின்னும் காலம் முடிந்துவிடுவதில்லை. பொதுவாக மனத்தெளிவற்றவரும் தெளிவுள்ள இடைவேளையில் உயில் எழுதலாம் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59 ஆம் பிரிவு கூறுகிறது. அந்த நாளில் மருத்துவர் தரும் சான்று பின்னாளில் வழக்கைத் தவிர்க்கும். பெரிய சொத்துள்ளவர்கள் அறக்கட்டளை அமைப்பது பற்றி வழக்கறிஞரிடம் கேட்கலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தம் கணக்கை இயக்கத் தந்தைக்கு அதிகாரம் கொடுத்திருப்பார்களானால், அதையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது தகும்.

இவ்வளவும் சொன்னபின், நம்மை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குருதிச் சோதனையின் தாள் முதலில் யார் கைக்குப் போகிறது? நம் வீடுகளில் அது பெரும்பாலும் மகன் கைக்கோ மருமகன் கைக்கோ போகும். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று முணுமுணுப்பு எழும். அடுத்த வாரமே காசோலைப் புத்தகம் இடம் மாறும். விளையை எழுதி வாங்கும் பேச்சு தொடங்கும். நோய் இன்னும் தொடங்காத முதியவர், வெறும் எண் ஒன்றினால் தம் வீட்டிலேயே சிறுவர் ஆகிவிடுவார். இதைவிடச் சோதனை செய்யாமல் இருப்பதே மேல். முடிவு முதலில் முதியவருக்கே உரியது. அறிய வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையது. பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பவர், தம்மைப் பேணுவதை நிபந்தனையாகப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது நலம். அந்நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க, 2007 ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23 ஆம் பிரிவு வழிசெய்கிறது. அலைக்கழிப்புக்கு உள்ளாகும் முதியோர் 14567 என்னும் எல்டர்லைன் எண்ணை அழைக்கலாம்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாகத் தேசிய அளவிலான ஆய்வு 2023 இல் மதிப்பிட்டது. நகரங்களைவிடக் கிராமங்களில் விகிதம் கூடுதல். மக்கள்தொகையில் முதியோரின் பங்கு மிகுந்த மாநிலம் கேரளம். 2011 கணக்கெடுப்பிலேயே அது 12.6 விழுக்காடு. எனவே எல்லைக் கிளைகளின் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் இவர்களுள் ஒருவரையேனும் நாம் சந்திக்கிறோம்.

அவர்களுக்காக ஏற்கெனவே உள்ள வசதிகள் பலருக்குத் தெரிவதில்லை. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே சென்று சேவை செய்ய வங்கிகள் முயலவேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் பணித்தது. கையொப்பமிட இயலாதவரின் கைநாட்டையோ, அதுவும் இயலாவிடில் கால்விரல் ரேகையையோ, ஒருவரேனும் வங்கி அலுவலராக இருக்க, இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட ஏற்கலாம். இது உடல் தளர்ந்தவர்க்கே. மனம் தெளிவிழந்தவர்க்கு அன்று. வாடிக்கையாளர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்துக் கிளைகளில் படிவங்கள் மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றில் இருக்கும். தமிழில் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவற்றில் தமிழிலேயே கையொப்பமிடலாம்; தடையில்லை. அப்போது படிவத்தின் பொருளை அவருக்குத் தெரிந்த மொழியில் படித்து விளக்கியதாகவும், அவர் புரிந்துகொண்டு ஒப்பியதாகவும் ஓர் உறுதிமொழி அதில் எழுதப்படும், விளக்கியவரும் கையொப்பமிடுவார். கூட்டுக் கணக்குக்கோ நாமினி நியமனத்துக்கோ பெற்றோரை அழைத்து வருபவர்கள், அந்த உறுதிமொழியைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். களைப்பு வருமுன் முற்பகலிலேயே வருவது நல்லது. கூட்டம் மிகுந்த மாதத் தொடக்கத்தைத் தவிர்த்தால், படித்துக் காட்டுபவருக்கும் அவசரம் இராது.